4கே டிவிக்கு லினக்ஸ் பெட்டி: எந்தக் கிராபிக்ஸ் கார்டு போடலாம்?

தறிக்கூடம்:

வணக்கம் நண்பர்களே. கூடத்தில் 55 அங்குல 4கே டிவி மாட்டியாயிற்று. அதன் கீழே ஒரு லினக்ஸ் பெட்டி வைத்து, கோடி பிளேயரில் வீட்டில் எல்லாரும் படம் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கையில் இருப்பது ஒரு அலுவலகத்தில் கழித்துவிட்ட ஸ்லிம் டெஸ்க்டாப்: ஐ5-4590, 8 ஜிபி ராம், டெபியன் 12. தனிக் கார்டு கிடையாது, பிராசசரோடு வந்த இன்டெல் கிராபிக்ஸ்தான்.

1080பி படங்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. 4கே படம் போட்டால் நான்கு கோரும் 100 சதவீதத்தில் போய் நின்றுகொள்கின்றன. படம் திக்கித் திக்கி வருகிறது, வசனம் முடிந்த பிறகு வாய் அசைகிறது.

கடையில் கேட்டால் "லினக்ஸ் என்றால் என்விடியாதான்" என்று ஜிடி 1030 காட்டுகிறார்கள். நண்பர் ஒருவர் ஆர்எக்ஸ் 6400 என்கிறார். இன்னொருவர் இன்டெல் ஆர்க் என்கிறார். கேம் எதுவும் விளையாடப் போவதில்லை. படம், பாட்டு, யூடியூப், தங்கை கல்யாண வீடியோ, அவ்வளவுதான். எதை வாங்குவது?

ஒற்றையடி:

கார்டு பெயருக்கு வருமுன் சில விஷயங்கள் தெரிய வேண்டும். பெட்டிக்குள் அரை உயரக் கார்டுதான் நுழையுமா? பவர் சப்ளை எத்தனை வாட், கார்டுக்குத் தனி மின்சார வயர் உண்டா? டிவியில் ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் முறை) இருக்கிறதா? ஒலி டிவியிலிருந்தா, ரிசீவரிலிருந்தா? பெட்டி நாள் முழுக்க ஓடுமா, மாலையில் மட்டுமா?

எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் 4கே ஃபைல்கள் எந்த கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி வைத்திருக்கும் முறை எது என்பது. மீடியாஇன்ஃபோ என்ற சிறு நிரலை நிறுவி, திக்குகிற படத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். "ஃபார்மட்", "பிட் டெப்த்" (நிறப் படிகளின் நுணுக்கம்), "குரோமா" (நிறத் தகவலை எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்பது) மூன்று வரியையும் இங்கே எழுதுங்கள்.

தறிக்கூடம்:

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அரை உயரக் கார்டுதான் போகும். பவர் சப்ளையில் கார்டுக்கென்று தனி வயர் எதுவும் இல்லை. டிவியில் ஹெச்டிஆர் 10 உண்டு. 5.1 ரிசீவர் ஒன்று வைத்திருக்கிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஓரிரு மணி நேரம், ஞாயிறு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் ஓடும்.

4கே படங்கள் ஏறக்குறைய எல்லாமே ஹெச்இவிசி, 10 பிட், குரோமா 4:2:0. கல்யாண வீடியோவில் போட்டோகிராபர் எடிட் செய்து தந்தது எச்.264. அவர் பென் டிரைவில் போட்டுத் தந்த அசல் துண்டுகள் ஹெச்இவிசி 10 பிட், ஆனால் குரோமா 4:2:2 என்று காட்டுகிறது.

நள்ளிரவுக்காட்சி:

நோய் தெரிந்துவிட்டது. உங்கள் பிராசசர் இன்டெல் நான்காம் தலைமுறை. அதன் கிராபிக்ஸில் எச்.264, எம்பெக்-2, விசி-1 மூன்றையும் அவிழ்க்கத் தனிச் சுற்று உண்டு, ஹெச்இவிசிக்குக் கிடையாது. அதனால் மொத்த வேலையும் நான்கு கோர்கள் தலையில் விழுகிறது. 10 பிட் ஹெச்இவிசியை முழுக்க வன்பொருளிலேயே அவிழ்க்கும் சுற்று இன்டெலில் வந்தது ஏழாம் தலைமுறையில்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கார்டின் கேம் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீடியோவை அவிழ்க்கும் சுற்று சில்லுக்குள் தனியாக ஒரு மூலையில் இருக்கிறது. அதில் எந்த கோடெக் எழுதியிருக்கிறதோ அது ஓடும், எழுதாதது ஓடவே ஓடாது. ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய கார்டு வாங்கினாலும் ஒரே தலைமுறை என்றால் பெரும்பாலும் அதே சுற்றுதான். சில சமயம் சின்னக் கார்டில் வெட்டியும் விடுவார்கள். ஆர்எக்ஸ் 6000 வரிசையில் பெரிய அண்ணன்கள் ஏவி1 என்ற புதிய கோடெக்கையும் அவிழ்ப்பார்கள். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் அது இல்லை. வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடரும் அந்த இரண்டில் அடியோடு இல்லை. 6400-இல் மிஞ்சுவது எச்.264, ஹெச்இவிசி 10 பிட், விபி9 அவிழ்ப்பு. உங்களுக்குத் தேவையானது அதுவே.

53 வாட், தனி வயர் வேண்டாம், அரை உயரத்தில் கிடைக்கிறது. உங்கள் ஸ்லிம் பெட்டிக்கென்றே செய்தது போல இருக்கிறது. நான்கு லேன் பிசிஐ என்று கேம் ஆடுபவர்கள் குறை சொல்வார்கள். படம் பார்க்க அது ஒரு தடையே இல்லை.

மின்கம்பி:

கடைக்காரர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். லினக்ஸில் வீடியோவை வன்பொருளில் பார்ப்பதைப் பலருக்கும் முதலில் சாத்தியமாக்கியது என்விடியா 2008-இல் கொண்டுவந்த விடிபிஏயு, அதாவது பிளேயர் கார்டின் வீடியோ சுற்றோடு பேசும் வழி. பழைய எம்பெக்-2 ஒளிபரப்பு, இன்டர்லேஸ் வீடியோ இவற்றை அது சீராகக் காட்டும் விதத்துக்கு இன்றும் நான் ரசிகன். என்னிடம் ஜிடி 1030 இருக்கிறது. 30 வாட், விசிறி இல்லாத மாடல், ராத்திரி கூடத்தில் சத்தமே கிடையாது. ஹெச்இவிசி 10 பிட் 4கே படம் ஓடும்போது சிபியு 5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

வாங்குவதாக இருந்தால் ஜிடிடிஆர் 5 மெமரி உள்ளதா என்று அட்டைப் பெட்டியில் பார்த்து வாங்குங்கள். அதே பெயரில் டிடிஆர் 4 போட்ட இன்னொன்று 2018-இல் வந்தது. மெமரியின் தரவு வேகம் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். 4கே-க்கு அது பற்றாது.

ஒற்றையடி:

மின்கம்பி அண்ணா, நீங்கள் எந்த பிளேயரில் பார்க்கிறீர்கள்?

மின்கம்பி:

எம்பிவி. என்விடெக் என்ற என்விடியாவின் இன்னொரு வழியாக.

ஒற்றையடி:

அங்கேதான் விஷயம் இருக்கிறது. நீங்கள் சொன்னது எம்பிவிக்கு முழுக்க உண்மை. தறிக்கூடம் கேட்பது கோடிக்கு. லினக்ஸில் கோடி என்விடியா கார்டிடம் பேசுவது விடிபிஏயு வழியாக. அந்த வழியில் கோடி 10 பிட் ஹெச்இவிசியை எடுப்பதில்லை. சில்லுக்குள் சுற்று இருக்கிறது, டிரைவருக்கும் தெரிகிறது, பிளேயர் மட்டும் அதைத் தொட முடியவில்லை. ஜிடி 1030 வாங்கிப் போட்டு கோடியில் படத்தை ஓட்டினால் மறுபடி நான்கு கோரும் 100-இல் போய் நிற்கும், கார்டு கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும்.

இரண்டாவது, ஹெச்டிஆர். கோடி லினக்ஸில் ஹெச்டிஆர் தகவலை டிவிக்கு அனுப்புவது ஜிபிஎம் முறையில் ஓடும்போதுதான். அதாவது எக்ஸ்11 என்ற பழைய திரைச் சேவையும் இல்லாமல் டெஸ்க்டாப்பும் இல்லாமல் கோடி நேராகத் திரையைப் பிடித்துக்கொள்ளும் முறை. அந்தப் பாதை இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் திறந்திருக்கிறது, அவை விஏ-ஏபிஐ என்ற திறமூல வழியில் பேசுகின்றன. கோடிக்கென்றே செய்த சிறு லினக்ஸான லிப்ரேஎலெக் 11 முதல் சாதாரணக் கணினிக்கான அவர்களது முதன்மைப் பதிப்பு ஜிபிஎம்தான். என்விடியாக்காரர்களுக்கு எக்ஸ்11 உள்ள "லெகசி" பதிப்பைத் தனியாக வைத்திருக்கிறார்கள், அதில் ஹெச்டிஆர் வராது.

மூன்றாவது, வயது. 1030 பாஸ்கல் குடும்பம். என்விடியா அந்தக் குடும்பத்துக்குத் தரும் கடைசி டிரைவர் வரிசை 580 என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு நூவோ என்ற திறமூல டிரைவரை நம்பலாம் என்றால், பாஸ்கலில் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் பூட்டு இருப்பதால் கார்டை முழு வேகத்துக்கு ஏற்ற முடியாது, வீடியோ சுற்றும் கிடைக்காது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் நன்றாகப் பயன்படுத்தட்டும். இன்று புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கார்டு அது அல்ல என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மின்கம்பி:

கோடியில் 10 பிட் விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். எம்பிவி பிடித்தவர்களுக்கு மட்டும் என் பரிந்துரை நிற்கட்டும். தம்பி, உன் வீட்டில் அம்மா ரிமோட்டில் இயக்க வேண்டும் என்றால் கோடிதான் சரி.

வாழைத்தார்:

குறுக்கே ஒரு சந்தேகம். வீட்டில் ஜிடி 710 சும்மா கிடக்கிறது. அது போதாதா?

நள்ளிரவுக்காட்சி:

போதாது. கெப்லர் குடும்பம், ஹெச்இவிசி சுற்றே கிடையாது. 1080பி எச்.264 பார்க்கத்தான் ஆகும். அதைத் தறிக்கூடத்தின் இன்டெல் கிராபிக்ஸே செய்துகொண்டிருக்கிறது.

உப்பளம்:

நான் வேறு பக்கமிருந்து வருகிறேன். கார்டே வேண்டாம் என்பது என் கட்சி. இன்டெல் என்100 போட்ட சின்னப் பெட்டிகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. பிராசசரே 6 வாட். ஹெச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 மூன்றும் வன்பொருளில் அவிழ்கின்றன. என்கோடரும் இருக்கிறது, அதனால் ஜெல்லிஃபின் என்ற வீட்டு வீடியோ சர்வரை ஓடவிட்டு மாடியில் போனில் படம் பார்ப்பவர்களுக்குச் சுருக்கியும் அனுப்பலாம். மெசா (திறமூலக் கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு), விஏ-ஏபிஐ, ஜிபிஎம் எல்லாம் இன்டெலில் அதிகம் பேர் நடந்து தேய்ந்த பாதை.

மின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பும் கார்டும் சும்மா இருக்கும்போது 40 வாட் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 29 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 58. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டியே தின்றுவிடும். 10 வாட் பெட்டி என்றால் அதே இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்தான்.

தறிக்கூடம்:

கணக்கு சரி அண்ணா. ஆனால் என் பெட்டி நாள் முழுக்க ஓடப் போவதில்லையே. இரண்டு மணி நேரம் ஓடும், அப்புறம் அணைத்துவிடுவேன். இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க்கும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

உப்பளம்:

அப்படியானால் மின்சார வாதத்தை விட்டுவிடுகிறேன். நாள் முழுக்க ஜெல்லிஃபின் ஓடவேண்டும் என்று பின்னால் ஆசை வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.

ஒற்றையடி:

ஆர்க்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்டிருக்கிறீர்கள். ஏ310, ஏ380 இரண்டும் வீடியோவுக்கு அருமையான சில்லுகள். ஏவி1-ஐ அவிழ்க்கவும் எழுதவும் தெரியும். ஏ310 அரை உயரத்திலும் வருகிறது. உங்கள் பெட்டிக்குள் மூன்று முட்டுக்கட்டை. கெர்னல் 6.2-இலிருந்துதான் இந்தக் கார்டுகளைத் தானாக ஏற்கிறது. டெபியன் 12-இல் இருப்பது 6.1. ஒரே ஒரு படி குறைவு. பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னல் போட வேண்டும், அல்லது 6.12 உள்ள டெபியன் 13-க்கு ஏற வேண்டும். அப்புறம் ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே மூச்சில் அணுக விடும் வசதி) உங்கள் பழைய போர்டில் இருக்காது. கேமுக்குப் பெரிய இழப்பு, வீடியோவுக்கு அவ்வளவாக இல்லை. மூன்றாவது, சும்மா இருக்கும்போது ஆர்க் நிறைய மின்சாரம் குடிக்கும். பயாஸில் ஏஎஸ்பிஎம் என்ற மின்சிக்கன அமைப்பு சரியாக அமைந்தால்தான் அது இறங்கும், பழைய அலுவலகப் பெட்டிகளில் அந்த அமைப்பு கண்ணிலேயே படாது.

யூடியூபில் 4கே ஏவி1 உங்களுக்கு உயிர் என்றால் இவ்வளவும் செய்யலாம். விபி9-இலும் கிடைக்கிறது, அது 6400-க்குத் தெரியும் எனும்போது நான் செய்யமாட்டேன்.

பனைவெல்லம்:

ஏஎம்டிக்கு லினக்ஸில் ஹெச்டிஎம்ஐ 2.1 இல்லை என்று படித்தேனே? 2024 பிப்ரவரியில் ஹெச்டிஎம்ஐ ஃபோரம் திறமூல டிரைவருக்கு அனுமதி மறுத்துவிட்டது என்று செய்தி வந்தது. அப்படியிருக்க அதை வாங்கச் சொல்வது சரியா?

நள்ளிரவுக்காட்சி:

செய்தி உண்மை, அந்த மறுப்பு எனக்கும் எரிச்சல்தான். ஆனால் சினிமாவுக்கு அது எங்கே உறுத்தும் என்று பாருங்கள். இழப்பது 4கே 120 ஹெர்ட்ஸ். படங்கள் வினாடிக்கு 24 பிரேம், நம் ஊர் டிவி 25 அல்லது 50. 4கே-யில் 24 பிரேம், 10 பிட் எல்லாம் ஹெச்டிஎம்ஐ 2.0-இன் 18 கிகாபிட்டுக்குள் தாராளமாக அடங்கும். 60 பிரேம் ஹெச்டிஆர் வரும்போது குரோமாவைக் குறைத்து அனுப்ப வேண்டியிருக்கும், சோபாவில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

உண்மையில் சோபாவிலிருந்து தெரிவது வேறொன்று. 24 பிரேம் படத்தை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் ஒரு பிரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று நொண்டும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில், தூரத்துக் கட்டடமோ மலையோ குலுங்கிக் குலுங்கிப் போகும். கோடியில் "திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்று" என்பதை இயக்குங்கள். இடைமுகத்தை 1080பி-யிலேயே விட்டுவிட்டு, ஒயிட்லிஸ்டில் 4கே-யின் 23.976, 24, 25, 50, 59.94, 60 எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். பட்டியல் இலகுவாக நகரும், படம் தொடங்கும்போது மட்டும் டிவி 4கே-க்கு மாறும். இந்த ஒரு அமைப்பு தரும் சுகத்தைக் கார்டு மாற்றித் தர முடியாது.

டிவியிலும் ஒரு வேலை இருக்கிறது. பல டிவிகளில் ஹெச்டிஎம்ஐ துளை ஒவ்வொன்றுக்கும் "என்ஹான்ஸ்டு" என்றோ "டீப் கலர்" என்றோ ஒரு சுவிட்ச் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். அதைப் போடாமல் ஹெச்டிஆர் வரவில்லை என்று கார்டைத் திட்டுவது பாவம்.

வாழைத்தார்:

இன்னொரு குறுக்குக் கேள்வி, மன்னிக்கவும். தம்பியின் கணினி ஃபெடோரா, ஏஎம்டி கார்டு. கார்டு எதையெல்லாம் அவிழ்க்கும் என்று காட்டும் விஏஇன்ஃபோவை ஓட்டினால் ஹெச்இவிசி வரியே காணோம். கார்டு பழுதா?

ஒற்றையடி:

கார்டு நன்றாகத்தான் இருக்கும். காப்புரிமைச் சிக்கலுக்காக ஃபெடோரா 2022-இல் தன் மெசாவிலிருந்து எச்.264, ஹெச்இவிசி, விசி-1 மூன்றின் வன்பொருள் அவிழ்ப்பையும் எடுத்துவிட்டது. ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, மெசா விஏ டிரைவரின் "ஃப்ரீவேர்ல்ட்" தொகுப்பை மாற்றிப் போடச் சொல்லுங்கள். காணாமல் போன வரிகள் திரும்பி வரும். டெபியனில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஏஎம்டி ஃபர்ம்வேர் தொகுப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

தறிக்கூடம், 4:2:2 துண்டுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவற்றை 6400 அவிழ்க்காது. இன்டெலில் பதினோராம் தலைமுறை முதல் சுற்று இருக்கிறது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதற்காகக் கார்டைத் தேர்வு செய்யாதீர்கள். அசலை அப்படியே ஒரு டிஸ்கில் பத்திரமாக வைத்துக்கொண்டு, எஃப்எஃப்எம்பெக்கில் 4:2:0 10 பிட்டுக்கு மாற்றிய நகல் ஒன்றை ராத்திரியோடு ராத்திரியாகத் தயார் செய்துவிடுங்கள். தங்கை முகம் டிவியில் அதே அழகோடுதான் தெரியும்.

உப்பளம்:

வாங்கும் முன் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி சேவைகளின் 4கே லினக்ஸ் கணினியில் வராது. லினக்ஸ் பிரவுசரில் வைட்வைன் பூட்டின் கீழ்நிலைப் பாதுகாப்புதான் கிடைக்கிறது, அதற்கு அவர்கள் மேல்தர வீடியோவைத் தரமாட்டார்கள். எந்தக் கார்டு போட்டாலும் இதுதான் கதி. அந்தப் படங்களை டிவியில் உள்ள செயலியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். டால்பி விஷன் என்ற இன்னொரு ஹெச்டிஆர் வகையும் அப்படித்தான். லினக்ஸ் பெட்டி டிவிக்கு அனுப்புவது ஹெச்டிஆர் 10.

தறிக்கூடம்:

எல்லாருக்கும் நன்றி. அந்த நண்பரிடமே ஆர்எக்ஸ் 6400-ஐ வாரக் கடைசிக்கு இரவல் வாங்கி, ஒற்றையடி சொன்னதை வைத்து லிப்ரேஎலெக்கை பென் டிரைவில் போட்டுச் சோதித்தேன். டெபியனைத் தொடவே இல்லை.

படம் ஓடும்போது விவரத் திரையைத் திறந்தால் டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் விஏ-ஏபிஐ என்று வருகிறது, சிபியு ஒற்றை இலக்கத்தில் கிடக்கிறது. டிவி மூலையில் "ஹெச்டிஆர்" எழுத்து வந்து போயிற்று. இரவில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த காட்சி ஒன்று, முன்பு கறுப்புச் சாயம் பூசியது போல இருந்தது; இப்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் வேட்டியின் மடிப்பு வரை தெரிகிறது. அப்பா எழுந்து டிவி அருகே போய்ப் பார்த்தார். யூடியூபில் விபி9 என்று தேர்ந்துவிட்டால் 4கே-யும் ஓடுகிறது, ஏவி1 என்றால் திக்குகிறது. நான் அதையே வாங்கப் போகிறேன்.

இரண்டு பாக்கி. ரிசீவரில் ட்ரூஹெச்டி (டால்பியின் இழப்பில்லா) ஒலி வரவில்லை, வெறும் பிசிஎம் (ஏற்கெனவே அவிழ்த்த ஒலி) என்றே காட்டுகிறது. டிவி ரிமோட்டாலும் கோடியை இயக்க முடியவில்லை.

மின்கம்பி:

ஒலிக்கு: கோடியின் ஒலி அமைப்பில் வெளியீட்டுக் கருவியாக, லினக்ஸின் ஒலி அடுக்கான அல்சாவின் ஹெச்டிஎம்ஐ வரியைத் தேர்ந்தெடு. பிறகு பாஸ்த்ரூவை (ஒலியை அவிழ்க்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) இயக்கி, ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி இரண்டையும் ரிசீவருக்குத் தெரியும் என்று டிக் செய். கார்டின் ஹெச்டிஎம்ஐ முதலில் ரிசீவருக்குப் போய், அங்கிருந்து டிவிக்குப் போக வேண்டும். பிறகு டெபியனில் நிறுவும்போது பைப்வயர் என்ற ஒலிச் சேவை இடையில் உட்கார்ந்து கருவியைப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

ரிமோட்டுக்கு: கணினிக் கார்டுகளில் சிஇசி வயர் (டிவி ரிமோட் கட்டளையை ஹெச்டிஎம்ஐ வழியே கொண்டுவருவது) பொதுவாக இணைத்திருக்க மாட்டார்கள், உன் கார்டின் குறை இல்லை. பல்ஸ்-எய்ட் என்ற நிறுவனம் யுஎஸ்பி சிஇசி அடாப்டர் விற்கிறது. அதை ஹெச்டிஎம்ஐ வழியில் நடுவே செருகினால் கோடி தானே கண்டுகொள்ளும். ஆனால் 4கே ஹெச்டிஆர் சமிக்ஞையை முழுதாகக் கடத்தும் மாடலா என்று விற்பவரிடம் கேட்டு வாங்கு. அது கிடைக்கும்வரை போனில் கோடியின் ரிமோட் செயலி போதும், அம்மாவுக்கு ஒரு யுஎஸ்பி அகச்சிவப்பு ரிமோட் வாங்கிக் கொடு.

தறிக்கூடம்:

அல்சா வரியை மாற்றியதும் ரிசீவரில் ட்ரூஹெச்டி விளக்கு எரிந்துவிட்டது அண்ணா. ரிமோட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.